விற்றால் கெடுமா பாட்டு? பங்க் இசையும் நம் எல்லைப்புறக் கூத்துகளும்

நம் சங்க மலரில் சிலம்பைப் பற்றியும் பாலக்காட்டுச் சமணர் மேட்டைப் பற்றியும் எழுதிவந்தவன், இம்முறை பங்க் ராக் என்று தலைப்புக் கொடுத்ததைக் கண்டு மலர்க் குழுவினர் சற்றே திகைத்திருப்பர். திகைக்க வேண்டாம். கிதாரும் நானறியேன், சுரமும் நானறியேன். ஆனால் கொச்சியிலும் பெங்களூரிலும் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓணம், பொங்கல் விடுமுறைக்கு வந்தால் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் ஒரு கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பங்க் இன்னும் அசல்தானா, இல்லை வியாபாரமாகிவிட்டதா என்பதே அது. இதே கேள்வியை வேறு வாயால் நம் பெரியவர்களும் கேட்கிறார்கள். தோல்பாவைக் கூத்து, அட்டப்பாடிப் பாட்டு, இடுக்கி மன்னான் கூத்து எதை எடுத்தாலும், "அதெல்லாம் கெட்டுப் போச்சுங்க, இப்ப எல்லாமே காசுக்குத்தான்" என்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் 'வியாபாரம்' என்பது வசைச்சொல். நாற்பது வருஷம் பலசரக்கு மொத்தக் கடையில் தராசு பிடித்தவன் நான். பாலக்காட்டிலிருந்து பருப்பு அனுப்பி, கட்டப்பனையிலிருந்து ஏலமும் மிளகும் வாங்கிப் பிழைத்தவன். ஆகவே இவ்வழக்கில் எனக்கும் ஒரு கட்சி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விற்பதனாலேயே ஒரு பொருள் கெடுகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எதனால் கெடுகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பங்க் என்றால் என்னவென்று பெரியவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இப்பகுதியைத் தாண்டிப் போகலாம். அச்சொல்லுக்குப் போக்கிரி, உதவாக்கரை என்று பொருள். 1970-களின் நடுவில் ராக் இசை பெரிய பெரிய அரங்குகளுக்கும், கால் மணி நேரம் நீளும் கிதார் வித்தைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வேலையில்லாத இளைஞன் கையில் அது இல்லை. அப்போது, மூன்று சுரக்கட்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், நீயும் மேடையேறலாம் என்று எழுந்ததுதான் பங்க். நியூயார்க்கில் 1974-இல் தோன்றிய ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1976-இல் வந்தது. ஒலிப்பதிவுக்கு ஆன செலவு சுமார் 6,400 டாலர். பாட்டு ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம், சிலது இரண்டரை. நம் ஊர்க் கச்சேரியில் தம்பூராச் சுருதி சேர்க்கும் நேரத்தில் அவர்கள் மூன்று பாட்டு முடித்துவிடுவார்கள்.

லண்டனில் பெயர் பெற்றது செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு. பெயர் நம் மலருக்குப் பொருந்தாதுதான், ஆனால் வரலாற்றில் உள்ளதை மாற்ற முடியாதே. இக்குழுவைச் சேர்த்து நடத்திய மால்கம் மக்லாரன் ஒரு துணிக்கடைக்காரர். அவரும் விவியன் வெஸ்ட்வுட் என்ற அம்மையாரும் லண்டன் கிங்ஸ் ரோட்டில் கடை வைத்திருந்தனர். கிழித்த பனியன், ஊக்கு குத்திய சட்டை என்று பங்கின் கொடியாக உலகம் அறிந்த உடைகளில் பலவும் அந்தக் கடைச் சரக்குதான். அதாவது வியாபாரம் பின்னால் வந்து பங்கைக் கெடுத்தது என்பது சரியல்ல. பங்க் பிறந்த வீட்டின் முன்கட்டே கடைதான்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1976 அக்டோபரில் இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்தது. தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிய விவகாரத்துக்குப் பின் 1977 ஜனவரியில் கழற்றிவிட்டது. மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கி, ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளாமல் பணம் கொடுத்து அனுப்பியது. பிறகு வர்ஜின் கம்பெனி. அரசியின் வெள்ளிவிழா ஆண்டான அந்த 1977-இல் அரசியைக் கேலி செய்த பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது, தடையாலேயே பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 1978 ஜனவரியில் குழு உடைந்தது. அதே 1977 ஜனவரியில் இன்னொரு குழுவான கிளாஷ், சி.பி.எஸ். கம்பெனியில் ஒரு லட்சம் பவுனுக்குச் சேர்ந்தபோது, அன்றே பங்க் செத்தது என்று ஒரு பங்க் சிறுபத்திரிகை ஆசிரியர் தீர்ப்புக் கூறிவிட்டார். 1978-இல் கிராஸ் என்ற குழு, பங்க் செத்தது என்று தலைப்பிட்டுப் பாட்டே போட்டது. பிறந்து இரண்டு வருஷமான பிள்ளைக்குக் கருமாதி! ஆக, நம் பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்விக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது.

ஆனால் அதே 1977 ஜனவரியில் மான்செஸ்டரில் வேறொன்று நடந்தது. பஸ்காக்ஸ் என்ற குழுவினர் நண்பர், உறவினரிடம் 500 பவுன் கடன் வாங்கித் தாங்களே ஒரு தட்டுப் பதிந்து, முதலில் ஆயிரம் படி போட்டு விற்றனர். மொத்தம் 16,000 வரை விற்றது. பாட்டு எத்தனையாவது தடவையில் சரியாக வந்தது என்பதைக்கூட உறைமேல் அச்சிட்டிருந்தனர். சரக்கு இன்னது, செய்தது இப்படி என்று மூட்டைமேல் எழுதி ஒட்டிய மாதிரி. இதுவும் வியாபாரமே அல்லவா? கம்பெனிக்குப் போனவன் விற்றான், இவனும் விற்றான். தராசு யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம். பின்னாளில் வாஷிங்டனின் ஃபுகாசி என்ற குழு, பெயரும் புகழும் வந்த பிறகும் நுழைவுச் சீட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்துக்கொள்ள முயன்றது. லாபம் குறைவு, ஆனால் விலை சொன்னது அவர்கள்.

மறுபக்கமும் உண்டு. 1994-இல் கிரீன் டே என்ற குழுவின் தட்டு பெரிய கம்பெனி மூலம் வந்து அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அவர்கள் வளர்ந்த பெர்க்லி நகரத்துச் சிறிய அரங்கில், பெரிய கம்பெனிக் குழுக்களுக்கு இடமில்லை என்ற விதிப்படி, அவர்களுக்கே கதவு அடைபட்டது. 2016 நவம்பரில், பங்குக்கு நாற்பதாண்டு விழா எடுக்கிறார்களே என்று கோபம்கொண்டு, மேற்சொன்ன துணிக்கடைக்காரர் இருவரின் மகன் ஜோ கோரே தம்மிடமிருந்த பழைய பங்க் பொருள்களைத் தேம்ஸ் ஆற்றில் படகில் வைத்துக் கொளுத்தினார். மதிப்பு ஐம்பது லட்சம் பவுன் என்றார். எரிக்கும்போதும் விலை சொல்லித்தான் எரித்தார் பாருங்கள்!

அப்படியானால் அசல் எங்கேதான் இருக்கிறது? 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் பங்க் கச்சேரி கேட்க வந்த அறுபதுக்கு மேற்பட்ட இளைஞரைப் போலீசார் பிடித்துத் தலையை மழித்துக் குளத்தில் முக்கினார்கள். லண்டனில் பங்க் உடை போட்டவனைச் சுற்றுலாப் பயணி படம் பிடிப்பான். அச்சேயில் அதே உடைக்கு மொட்டை. வாங்க ஆளில்லாத இடத்திலும், அடி விழும் இடத்திலும் ஒருவன் பாடுகிறான் என்றால் அது அவனுக்கு வேண்டியிருக்கிறது என்று பொருள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

நம்மிடம் இந்த வழக்கு இளங்கோவடிகள் காலத்திலேயே இருக்கிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடி முடித்ததும் சோழன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தருகிறான். அடுத்து என்ன? அந்த விலை மதிப்புள்ள மாலையை ஒரு கூனி எடுத்துக்கொண்டு நகரத்துச் செல்வர் உலாவும் வீதியில் விற்பவள் போல நிற்கிறாள், கோவலன் வாங்குகிறான். பட்டம், பரிசு, விலை, தரகு எல்லாம் ஒரே காதையில். ஆயினும் மாதவியின் ஆட்டம் போலி என்று அடிகள் எங்கும் சொல்லவில்லை. பின்னர் மதுரையில் கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். விற்கப் போனது குற்றமா? இல்லை. அதை மதிப்பிட வேண்டிய பொற்கொல்லன் கள்ளன் என்பதுதான் குற்றம். சிலம்பைப் படிக்கும் வியாபாரிக்கு இது பளிச்சென்று தெரியும். புலவர்கள் ஏனோ இதில் அதிகம் நிற்பதில்லை.

இன்னொன்று. வேங்கை மர நிழலில் கண்ணகியைக் கண்டவர் மலைக் குறவர். அவர்கள் எடுத்த குரவைதான் குன்றக் குரவை. மலையில் கேட்ட சேதியையும் பாட்டையும் எடுத்து அரசவைக் காப்பியத்துக்குள் வைத்தார் அடிகள். இன்றைய சினிமா இசையமைப்பாளர் ஆதிவாசிப் பாட்டை எடுப்பதற்கு அடிகள்தாம் முன்னோடி என்றால் சிலர் என்னோடு சண்டைக்கு வருவர். வரட்டும். ஆனால் அடிகள், இதைச் சொன்னவர் குன்றக் குறவர் என்று பதிகத்திலேயே பதிந்துவிட்டார். கணக்கு சுத்தம்.

இனிப் பாலக்காடு. தோல்பாவைக் கூத்தைப் பற்றி நம் குடும்பங்களில் கேள்விப்படாதவர் இல்லை; பார்த்தவர்தாம் குறைவு. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோவில்களில் இதற்கென்றே கூத்துமாடம் கட்டியிருப்பார்கள். தேங்காய் மூடியில் இருபத்தொரு விளக்கேற்றி, திரைக்குப் பின் தோல் பாவைகளை ஆட்டி, கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி, மலையாளம் கலந்த தமிழில் பொருள் சொல்வார்கள். ஆட்டுகிறவருக்குப் புலவர் என்றே பட்டம். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று நடக்கும். சில இடங்களில் எழுபத்தொரு இரவும் உண்டு. தேவி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையாம். அவள் பார்க்கத்தான் ஆண்டுதோறும் கூத்து. ஆகவே மனிதர் யாரும் உட்காராவிட்டாலும் கூத்து நிற்காது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 1996-இல் ஒரு நூலே எழுதினார். ஆளில்லாத முற்றத்துக்கு முன் விடியவிடிய நடக்கும் கூத்துதான் அவரை வியப்பில் ஆழ்த்திய முதல் விஷயம்.

(பொழுது சாய்ந்தால் உணவு கொள்ளாத வீட்டில் பிறந்தவனுக்கு விடியவிடியக் கூத்துப் பார்ப்பது எளிதல்ல. பாவைக்கு மான் தோல் என்பதும் எனக்கு ஒரு நெருடல். வனவிலங்குச் சட்டம் 1972-இல் வந்தபின் ஆட்டுத் தோலுக்கு மாறினார்கள்; ஆட்டுக்கு அதனால் என்ன ஆறுதல் என்று தெரியவில்லை.)

இதைவிட வியாபாரம் கலவாத கலை உண்டா என்று தோன்றும். ஆனால் காணிக்கை கொடுத்தவர் பெயரைத் திரைக்குப் பின்னிருந்து சொல்லி வாழ்த்துவதும் அதே கூத்தின் அங்கம்தான். காசு தொடாத கலை என்று எதையும் நான் கண்டதில்லை. காசு வந்தது, ஆனால் காசு கொடுத்தவன் கூத்தின் நீளத்தைத் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது தேவியின் வழிபாட்டு முறை. மறைந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கூத்தைக் கோவிலுக்கு வெளியே மேடைக்கும் அயல்நாட்டுக்கும் கொண்டுபோனார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் குடும்பத்தார் காந்தி கதையும் ஆட்டுகிறார்கள், ஒரு மணி நேர இராமாயணமும் ஆட்டுகிறார்கள், பெண்களே நடத்தும் குழுவும் தொடங்கினார்கள், 2021-இல் இயந்திரக் கையைக்கொண்டு பாவை ஆட்டவும் பார்த்தார்கள். கெட்டுப் போச்சு என்று சொல்ல இவ்வளவும் போதும் போலத் தோன்றும். ஆனால் அதே குடும்பம் கோவில் மாடத்தில் இரவுக் கூத்தையும் விடவில்லை. மேடையில் வந்த காசுதான் மாடத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது என்றால் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. எனக்குள்ள கவலை வேறு. கம்பன் பாட்டைக் கேட்டுப் பொருள் புரிந்துகொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஆயிரக்கணக்கில் இருந்தும் மாடத்தின் முன் நாம் இல்லை. தேவி மட்டும் கேட்கிறாள்.

அட்டப்பாடிக்கு வருகிறேன். இங்கேதான் இவ்விஷயம் நாடெங்கும் பேசப்பட்டது. 2020 பிப்ரவரியில் 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படம் வெளிவந்தது; இயக்குநர் சச்சி. அதில் அட்டப்பாடி இருளர் குலத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா பாடிய சந்தன மரப் பாட்டை நம் வீட்டுக் குழந்தைகள்கூடப் பாடின. ஆடு மாடு மேய்த்து, உள்ளூர்க் கலைக்குழுவில் பாடிவந்த அம்மா அவர். இருள மொழி தமிழுக்கு மிக நெருங்கியது; மலையாளப் படத்துப் பாட்டாயிருந்தும் நமக்குப் பாதிக்கு மேல் தானாகப் புரிந்ததற்குக் காரணம் அதுவே. சச்சி அவ்வாண்டு ஜூனிலேயே காலமானார். 2022 ஜூலையில் அறிவித்த 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் பெற்றார். வெள்ளித் தாமரையும் 50,000 ரூபாயும். மாதவிக்குத் தலைக்கோலும் கழஞ்சும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது. வாழ்நாள் முழுதும் சங்கீதம் பயின்றவர்கள் இருக்க, சுருதி கொடுத்தால் அதில் நின்று பாடத் தெரியாதவருக்கு விருதா என்று ஓர் இசைக்கலைஞர் கேட்டார். வேறு பல இசையமைப்பாளரும் பாடகரும் நஞ்சியம்மா பக்கம் நின்றனர். இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். மூன்று சுரக்கட்டு போதும் என்ற பங்க்காரனுக்கு 1976-இல் வந்த வசையும் இதுதான், இவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று. இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. சினிமாவுக்குப் போய்விட்டதே, இனி அது ஆதிவாசிப் பாட்டா என்றது. ஒருவருக்கு அந்த அம்மாவிடம் தேர்ச்சி போதவில்லை, மற்றவருக்குத் தூய்மை போதவில்லை!

தூய்மை தேடுகிறவர்களுக்கு ஒரு சேதி சொல்கிறேன். அந்தப் பாட்டில் பூத்த சந்தன மரம் மட்டும் இல்லை, ஆகாய விமானமும் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு மரத்தைக் காட்டி, பூவைக் காட்டி, மேலே போகும் விமானத்தையும் காட்டுகிற பாட்டு. விமானம் மலைக்கு மேலே பறக்க ஆரம்பித்து எத்தனை காலம் ஆகியிருக்கும்? ஆக, நாம் பழமை என்று கும்பிடும் பாட்டுக்குள் அவர்கள் தம் காலத்துப் புதுமையைத் தாராளமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெறை, தவில், கொகல், ஜால்ரா என்று அவர்கள் வாத்தியம் முழங்கும் இடத்தில் அசலா போலியா என்ற விசாரணையே கிடையாது. கல்யாணத்துக்கு வாசிப்பார்கள், சாவுக்கு வாசிப்பார்கள், மல்லீஸ்வரன் முடிச் சிவராத்திரிக்கு வாசிப்பார்கள். வாங்குகிறவன் இல்லாத இடத்திலும் பாட்டு இருக்கிறது. அதுவரைக்கும் சினிமா எடுத்துக்கொண்டதால் ஊற்று வற்றாது.

கணக்குப் பக்கம் பார்த்தால் அவ்வளவு நிம்மதி இல்லை. விருது வாங்கிய அதே அம்மா, தம் குடும்ப நிலம் வேறு ஆள் பெயருக்குப் போய்விட்டதாக முறையிட்டு அலைந்ததும் செய்தியில் வந்தது. அட்டப்பாடியில் ஆதிவாசி நிலம் கைமாறிய கதை பழைய கதை. பாட்டுக்குக் கைதட்டிய நாம் பட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரும் மேய்ச்சல் காடும் போய்விட்டால் கல்யாணத்துக்கு வாசிக்க ஊர் ஏது? அசலைக் காப்பாற்றுவது என்றால் ஒலிப்பதிவு செய்து வைப்பது என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். நான் கிராம ஆபீஸ் அடங்கல் ஏட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

சென்னைப் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் கருதுவது, கானா, பறை, ராப், ராக் எல்லாம் சேர்த்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. ஜாதியைப் பெயர் சொல்லித் தாக்கினார்கள். அக்குழுவின் அறிவு எழுதிப் பாட, தீ உடன் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் கதை அதில் உண்டு. மூணாறு, பீருமேடு தோட்டக் குடும்பங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உலகமெங்கும் ஓடியது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. பாட்டு யாருடையது என்ற சச்சரவு பெரிதானது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளரே, அப்பாட்டால் தங்கள் யாருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கு ஐந்தொகை இப்படி! இதில் பாட்டு போலி என்று எவனும் சொல்லவில்லை. தராசு பிடித்த இடம் கோணல், அவ்வளவே.

கடைசியாக இடுக்கி. காஞ்சியாற்றுப் பக்கம் கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னான் குலத்தாருக்கு இன்றும் ஒரு ராஜா உண்டு; ராஜமன்னான் என்பது பட்டம். மதுரைப் பக்கமிருந்து வந்தோம் என்பார்கள். அவர்கள் காலாவூட்டு விழாவிலும் மற்றச் சடங்குகளிலும் ஆடும் கூத்தின் கதை என்ன தெரியுமா? கோவலன் கண்ணகி கதை. தமிழுக்கு நெருங்கிய தம் மொழியில், மத்தளம் முழங்க, ஆண்களே பெண் வேடமும் கட்டி விடியும்வரை ஆடுவார்கள். ஏடு கிடையாது, எல்லாம் வாய்ப்பாடம். குமுளிக்கு மேலே மங்கலதேவியில் சித்திரைப் பௌர்ணமி அன்று ஒருநாள் மட்டும், இரு மாநில அதிகாரிகளின் காவலில், கண்ணகியைப் பார்த்து வருகிறோம். அவளை வருஷம் முழுதும் நெஞ்சில் வைத்திருப்பவர்கள் பக்கத்து மலையில் இருக்கிறார்கள். அடிகள் எழுதிய கதை மலையிலிருந்து இறங்கியதா, இறங்கி மறுபடி ஏறியதா என்பதை ஆராய நான் தகுதியுள்ளவன் அல்லன். ஆனால் உ.வே.சாமிநாதையர் 1892-இல் சிலம்பைப் பதிப்பிக்கும் முன்பு, எழுதப் படிக்கத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு அது கிட்டியது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

தேக்கடிப் பக்கம் வெளியூர்ப் பயணிகளுக்கென்று காட்டப்படும் ஆதிவாசி ஆட்டங்கள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. போடியிலிருந்து ஏலம் வாங்க வருகிற வியாபாரத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் நயினாரண்ணே, கண்ணகி மதுரைய எரிக்கிறத அரைமணி நேரத்துல காட்டுனா எரியாதா?" எரியும் தம்பி, ஆனா அவங்க ரெண்டு பேரும் புகாரிலேருந்து நடந்து வர்ற நேரம் எங்க போச்சு, என்றேன். அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரவு முழுக்கத் தேவைப்படும் பாட்டை அரைமணியாக்கினால் முதலில் விழுவது நடுப்பகுதி. நடுப்பகுதி தெரிந்த கிழவர்களுக்கு வேலை இல்லாமற்போகும். பையன்கள் தொடக்கமும் முடிவும் மட்டும் கற்பார்கள், அதற்குத்தானே கூலி. பங்க் பாட்டு இரண்டு நிமிஷம் என்றால் அது அவர்களே வைத்த அளவு, வேண்டியபடி வைத்துக்கொண்டார்கள். கூத்துக்கு அரைமணி என்பது ஓட்டல்காரர் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து வைத்த அளவு. ஆகவே காசு வாங்கியதைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். விடிய ஆடுவதற்கும் ஒருவர் காசு கொடுத்தால் அந்த நடுப்பகுதி பிழைத்துக்கொள்ளும். கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

இவ்விடத்தில் நம்மைப் போன்ற சங்கங்களும் வாங்குகிறவர்கள்தாம் என்பதை மறக்கலாகாது. சில வருஷம் முன் ஒரு விழாவில், ஊரும் பேரும் வேண்டாம், மலைவாத்தியக் குழு ஒன்றை அழைத்திருந்தார்கள். பிரமுகர் பேச்சுக்கும் பரிசளிப்புக்கும் நடுவே பத்து நிமிஷம். போதாக்குறைக்கு, முகத்தில் சாயம் பூசி இலை தழை கட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். கொகல் வாசிக்கும் பெரியவர், "நாங்க கல்யாணத்துக்குக் கட்டுற வேட்டி சட்டை போதாதுங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. முடிவில் ஆளுக்கொரு சால்வை, ஒரு கேடயம். வேன் வாடகைக்குக்கூடக் காணாது. அதே விழாவில் ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம், மேடை அலங்காரத்துக்கு முன்பணம். வந்திருந்த ஒருவர் என் காதருகே, "என்ன இருந்தாலும் பழைய அசல் இல்லீங்களே" என்றார். இலையைக் கட்டச் சொன்னது யார்?

நம் ஆண்டு விழாவுக்கு இப்படிப்பட்ட குழுவை அழைப்பதானால், எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவர்களைக் கேட்டபின் நிகழ்ச்சி நிரல் போடுவதும், கூலியை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு முன்பணம் தருவதும், படம் பிடித்துப் பரப்புவதானால் எழுத்தில் சம்மதம் வாங்குவதும் முடியாத காரியமல்ல. பந்தலுக்குச் செய்வதைப் பாட்டுக்கும் செய்யச் சொல்கிறேன். அதைவிட நல்லது, அவர்களை வரவழைக்காமல் நாம் போவது. தோல்பாவைக் கூத்து ஜனவரி தொடங்கி மே வரை கோவிலுக்குக் கோவில் நாள் மாறி நடக்கிறது. ஷொர்ணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவில் விசாரித்தால் மற்ற மாடங்களின் நாளும் தெரியும். நுழைவுச் சீட்டு இல்லை. பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் காணிக்கை வைக்கலாம். பாயொன்று கொண்டுபோவது உத்தமம். சால்வையும் எடுத்துப் போங்கள், அது உங்களுக்கு. கணவாய்க் காற்று விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எலும்பு வரை இறங்கும்.